சிலிக்கன் சில்லும் நிறக்குறியீடும்: ஒரு வரலாற்று நோக்கு

1

குறியீடு எதுவாயினும் அது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவேயாகும். தேசப்படமொன்றில் நீர்நிலை நீலமாகவும் காடு பச்சையாகவும் தீட்டப்படும்போது அவ்வுடன்பாடு எமக்குப் புலப்படுவதில்லை. பொருளின் நிறமே படத்திலும் வந்துள்ளதென எண்ணி அமைந்துவிடுகிறோம். அதே படத்தில் மாகாண எல்லை ஊதாக் கோடாக ஓடுமிடத்தேதான் சற்று நின்று சிந்திக்க நேர்கிறது. நிலத்தில் அத்தகைய கோடு எதுவும் கிடப்பதில்லை. நிருவாகத்தின் தேவையாற் பிறந்து, அச்சகத்தின் வசதியால் நிறம் பெற்று, பாடசாலையின் பயிற்சியால் நிலைபெற்ற கோடு அது. எனவே நிறக்குறியீடொன்றை ஆராயப் புகுவோர், அஃது எதனைக் குறிக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாது, யாருடைய தேவைக்காக, யாருடைய உழைப்பால், யார் வாசிக்கும்பொருட்டு உருவாயிற்று என்றும் கேட்டல் வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், சிலிக்கன் சில்லுகளின் தளக்கோலத்தை வரைவதற்குக் கையாளப்பட்டுவரும் நிறக்குறியீடாகும். கலைப்பீட வாசகர் சிலருக்கு இது புறம்பான பொருளாகத் தோன்றலாம். ஆயின் கணனி, கைத்தொலைபேசி, மருத்துவக் கருவி என இன்றைய வாழ்வின் பெரும்பகுதி இச்சில்லின்மீதே தங்கியுள்ளது. அதனை வரைவோர் கையாளும் குறியீட்டு மொழியின் வரலாறு, அறிவு யாரிடம் தேங்கியிருந்தது, எவ்வாறு பரவியது, எவ்விடத்தில் மீண்டும் அடைபட்டது என்பவற்றின் வரலாறுமாகும்.

சில்லின் அமைப்பை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். சிலிக்கன் தகட்டின்மீது ஒன்றன்மேலொன்றாகப் பல படைகள் உருவாக்கப்படுகின்றன. சில படைகள் மின்னைக் கடத்துவன, சில தடுப்பன. ஒவ்வொரு படையின் உருவத்தையும் தனித்தனி மறைப்புத் தகடு ஒன்று தீர்மானிக்கிறது. ஒளி அத்தகட்டினூடு விழுந்த இடமும் விழாத இடமும் வெவ்வேறாக மாற்றமுறும். வரைபவரோ எல்லாப் படைகளையும் மேலிருந்து, ஒரே தளத்தில், ஒன்றன்மேலொன்று படிந்தனவாகவே காண்கிறார். இவற்றுள் எந்த உருவம் எந்தப் படைக்குரியது என்பதை அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக வந்ததே நிறம்.

சில்லுக்கு அந்நிறங்கள் இல்லை என்பது மனங்கொளத்தக்கது. சிலிக்கன் சாம்பல் நிறமானது, அலுமினியம் வெண்மையானது. நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கும்போது தோன்றும் பன்னிறக் கோலம், மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்புக்கேற்ப ஒளியலைகள் தலையிடுவதால் எழுவது. வரைபடத்துப் பச்சைக்கும் சிவப்புக்கும் அதனோடு தொடர்பில்லை. அப்படியாயின் இந்நிறங்கள் எங்கிருந்து வந்தன? வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து மூன்று கட்டங்களை நாம் காணலாம். நிறம் முதலிற் கருவியாக இருந்தது, பின்னர் சொல்லாயிற்று, அண்மைக் காலத்திற் கட்டளையாகியுள்ளது.

2

ஒருங்கிணைந்த சுற்றினை 1958இல் ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் கம்பனியைச் சேர்ந்த ஜக் கில்பி செய்துகாட்டினார். பெயார்சைல்ட் கம்பனியைச் சேர்ந்த றொபேட் நொய்ஸ் 1959இல் அதனைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத்தக்க வடிவுக்குக் கொணர்ந்தார். அடுத்துவந்த ஆண்டுகளில் தளக்கோலம் வரைதல் பெரும்பாலும் கைத்தொழிலாகவே இருந்தது. கட்டமிட்ட பெரிய தாளிலே நிறப் பென்சில்களால் ஒவ்வொரு படையையும் வரைந்தனர். பின்னர் அவ்வரைபடம் ஒளிமேசையில் விரிக்கப்பட்டு, அதன்மீது "றூபிலித்" எனப்படும் படலம் பரப்பப்படும்.

றூபிலித் இரு பகுதிகளைக் கொண்டது. கீழே நிறமற்ற தெளிந்த பொலியெஸ்ரர் தாள். அதன்மேல் உரித்தெடுக்கத்தக்க மெல்லிய செந்நிறப் படலம். தொழிலாளர் கூரிய கத்தியாற் செம்படலத்தை மட்டும் வெட்டி, வேண்டாத பகுதிகளை உரித்து நீக்குவர். எஞ்சிய செந்நிற உருவமே அந்தப் படையின் மூலப்படம். பல நூறு மடங்கு பெரிதாக வெட்டப்பட்ட அம்மூலப்படம் ஒளிப்படக் கருவியினாற் படிப்படியாகச் சிறிதாக்கப்பட்டு மறைப்புத் தகட்டில் ஏறும்.

இங்கு சிவப்பு ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது? அழகுக்காகவன்று, அடையாளத்துக்காகவுமன்று. அப்பணிக்குப் பயன்பட்ட ஒளிப்படச் சுருள் செவ்வொளியை உணராதது. எனவே செந்நிறப் பகுதி அச்சுருளுக்குக் கருமையே. மனிதக் கண்ணோ அந்தச் செம்மையினூடாகக் கீழே கிடக்கும் வரைபடத்தைக் காணவல்லது. இயந்திரத்துக்குக் கறுப்பாகவும் மனிதனுக்குக் கண்ணாடியாகவும் ஒரே வேளையில் இருக்கத்தக்க நிறமாகச் சிவப்பு அமைந்தது. ஆதலினாலேயே நிறம் முதலிற் கருவியாக இருந்தது என்றோம்.

இவ்வுற்பத்திமுறையின் சிகரமாக 1971ஆம் ஆண்டு நவம்பரில் இன்ரெல் கம்பனி வெளியிட்ட 4004 நுண்செயலியைக் குறிப்பிடலாம். ஏறத்தாழ 2300 திரான்சிற்றர்களைக் கொண்ட அச்சில்லின் மூலப்படங்கள் கையாலேயே வெட்டப்பட்டன. அதன் ஆக்கத்தை முன்னின்று நடத்திய பெடெரிக்கோ பஜின் தமது பெயரின் முதலெழுத்துக்களைச் சில்லின் ஓரத்தில் பொறித்துவைத்தார். ஓவியர் தம் ஓவியத்திற் கையொப்பமிடுவதை ஒத்தது இது. ஆனால் ஒளிமேசை மீது குனிந்திருந்து படலத்தை வெட்டியும் உரித்தும் சரிபார்த்தும் நின்ற ஏனையோர் தம் கையொப்பம் எச்சில்லிலும் இல்லை. அக்காலத்து ஒளிப்படங்களில் அவ்வாறு குனிந்திருப்போருட் பெண்களையும் நாம் காண்கிறோம். ஓரிடத்தில் உரிக்கத் தவறிய சிறு துண்டு, அல்லது தவறுதலாக உரிந்த ஒரு கீற்று, முழுச் சில்லையும் பயனற்றதாக்கிவிடும். அவர்கள் கண்ணின் கூர்மையே அன்றைய பிழைதிருத்தி.

3

கோலம் எனும் சொல்லோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியை இவ்விடத்திற் சுட்டுதல் பொருத்தமாகும். பெயார்சைல்ட் கம்பனி 1965இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியிலுள்ள சிப்றொக் எனுமிடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு வேலைசெய்தோருட் பெரும்பாலோர் நவஹோப் பெண்கள். 1969இல் அக்கம்பனி வெளியிட்ட விளம்பர நூலொன்றில் நவஹோ மக்களின் நெசவுக் கம்பளமும் ஒருங்கிணைந்த சுற்றொன்றின் உருவமும் ஒப்புமைப்படுத்தப்பட்டன. கோலங்களை நினைவிற் கொண்டு நெய்யும் திறமையுடையோர் சில்லு வேலைக்கும் இயல்பாகவே தக்கவர் என்பது அதன் கருத்து.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பாராட்டாகத் தோன்றலாம். ஆனால் நெசவில் அப்பெண்கள் கோலத்தைத் தாமே உருவாக்குவோர்; நிறத்தைத் தாமே தெரிவோர். தொழிற்சாலையில் அவர்களுக்கு விதிக்கப்பட்டது பிறர் வரைந்த கோலத்தைப் பொருத்தும் வேலை. ஆக்கத்திறனை இயல்பான கைப்பழக்கமாகக் குறுக்கிக் கூறுவதன் மூலம் கூலியுழைப்பு மரபின் தொடர்ச்சியாகக் காட்டப்பட்டது. 1975இல் அமெரிக்க இந்திய இயக்கத்தினர் அத்தொழிற்சாலையைக் கைப்பற்றித் தங்கினர். அதன்பின் கம்பனி அதனை மூடிவிட்டது.

பிற்காலத்தில், 1994இல், மரிலூ ஷுல்ற்ஸ் எனும் நவஹோ நெசவாளர் இன்ரெல் கம்பனியின் வேண்டுகோளுக்கிணங்க, பென்ரியம் சில்லின் உருவத்தைக் கம்பளமாக நெய்தளித்தார். சில்லின் கோலம் நெசவாளர் ஒருவரின் தெரிவுக்குட்பட்டு நிறம் பெற்றது அங்கேதான். கோலத்தைக் கையால் தொட்டவரும் அதனை வாசிக்கவும் வரையவும் உரிமை பெற்றவரும் வேறுவேறாக இருந்தனர் என்பதே நாம் இதிலிருந்து பெறவேண்டிய பாடம்.

4

1970களின் நடுப்பகுதிவரை சில்லினை வரையும் அறிவு கம்பனிகளின் சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஒவ்வொரு கம்பனியும் தனக்கெனத் தனி விதிகளையும் தனிக் குறிகளையும் வைத்திருந்தது. வரைபவர் தம் தொழிற்சாலையின் இரசாயன நடைமுறைகளையும் அறிந்திருத்தல் அவசியமாயிற்று. இந்நிலையை உடைத்த நூல் 1980ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் காவர் மீட், சீரொக்ஸ் கம்பனியின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த லின் கொன்வே ஆகிய இருவரும் இணைந்து எழுதிய, மிகப்பெருமளவு ஒருங்கிணைந்த சுற்றுத் தொகுதிகளுக்கான அறிமுக நூலே அது.

அந்நூல் நிலைநிறுத்திய நிறவரிசை பின்வருமாறு: மின்கடத்துமாறு மாசு புகுத்தப்பட்ட சிலிக்கன் பகுதி, அதாவது பரவற் படை, பச்சை, பல்பளிங்குச் சிலிக்கன் சிவப்பு, உலோகம் நீலம், அயன் பதிக்கப்பட்ட பகுதி மஞ்சள், படைகளை இணைக்கும் தொடுகைத் துளை கறுப்பு. இவ்வைந்து நிறங்களும் வெறும் பெயர்ப்பட்டியலன்று. அவற்றுக்கிடையே இலக்கணம் ஒன்று அமைந்துள்ளது. பச்சைக் கோட்டைச் சிவப்புக் கோடு குறுக்கறுக்குமிடத்தில் திரான்சிற்றர் பிறக்கிறது. அக்குறுக்கறுப்பின்மீது மஞ்சள் படிந்தால் அது வழமையாகவே திறந்திருக்கும் திரான்சிற்றர். நீலம், பச்சையின்மீதோ சிவப்பின்மீதோ செல்லலாம். இடையில் கறுப்புச் சதுரம் இல்லையேல் அவற்றுக்கிடையே தொடர்பு எதுவுமில்லை.

எடுத்துக்காட்டொன்றை நோக்குவோம். மேலே மின்வழங்கலுக்குரிய நீலக் கோடு; கீழே புவியிணைப்புக்குரிய நீலக் கோடு; இரண்டையும் தொடுத்து இறங்கும் பச்சைக் கோடு. அப்பச்சையை இரு சிவப்புக் கோடுகள் வெட்டுகின்றன. மேலேயுள்ள வெட்டில் மட்டும் மஞ்சள். கீழேயுள்ள சிவப்பு உள்ளீடு. இரு வெட்டுக்களுக்கும் இடைப்பட்ட பச்சை வெளியீடு. உள்ளீட்டில் 1 வந்தால் வெளியீட்டில் 0. 0 வந்தால் 1. மறுப்பு எனும் தருக்கச் செயல் இங்ஙனம் ஒருசில கோடுகளில் எழுதப்பட்டுவிடுகிறது. அகலமற்ற இத்தகைய நிறக்கோடுகளால் வரையப்படுவனவே குச்சிப்படங்கள். எழுத்தாளர் முதலிற் குறிப்பெழுதிப் பின் விரித்தெழுதுவதுபோல, வரைபவர் முதலிற் குச்சிப்படம் வரைந்து, பின்னர் அதற்கு அகலமும் இடைவெளியும் கொடுப்பர். அவ்வகலங்களும் "லம்டா" எனும் ஒரே அலகினால் அளக்கப்பட்டன. சிவப்புக்கும் பச்சைக்கும் ஆகக்குறைந்த அகலம் 2 லம்டா. நீலத்துக்கு 3 லம்டா. தொழிற்சாலை மாறினால் லம்டாவின் பெறுமானம் மட்டும் மாறும், வரைபடம் மாறவேண்டியதில்லை.

மிக முக்கியமான உண்மையொன்றை இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். வரைபடத்திற் பச்சைக் கோடு சிவப்பின் கீழாகத் தொடர்ந்து செல்வதாகவே காட்டப்படும். ஆனால் உற்பத்தியின்போது சிவப்புப் படையே முதலில் அமைக்கப்படுகிறது. அது தன் கீழுள்ள சிலிக்கனை மறைத்துநிற்பதால் அவ்விடத்தில் மாசு புகுவதில்லை. எனவே வரைபடத்திற் பச்சை இருக்குமிடத்திலே பொருளிற் பச்சைக்குரிய படை இல்லை. அந்த இன்மையே திரான்சிற்றர்! ஆகவே இந்நிறப்படம் பொருளின் பிரதிமையன்று. அது பொருளை உருவாக்குவோர்க்கும் அதனைச் சிந்திப்போர்க்கும் இடையே நிலவும் மொழி. நிறம் இங்கு சொல்லாகிவிட்டது.

இம்மொழியின் சமுதாய விளைவு பெரிது. 1978இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கொன்வே இதனைப் பாடமாக நடத்தினார். மாணவர் வரைந்தவை மெய்யாகவே சில்லுகளாக்கப்பட்டன. 1979இல் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 124 பேர் வரைந்த 82 வடிவமைப்புக்கள் கணனி வலையமைப்பினூடாக ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டு, வரைபடங்கள் ஏற்கப்படும் இறுதி நாளிலிருந்து 29 நாட்களிற் சில்லுகளாக உருப்பெற்றன. தொழிற்சாலைக்குள் ஒருபோதும் காலடி வைத்திராத மாணவர் சில்லு வரைந்தனர். 1981இல் தொடங்கிய "மொசிஸ்" எனும் பொதுச்சேவை இம்முறையை நிலையானதாக்கியது. 1982இல் அவுஸ்திரேலியாவிலும் இத்தகைய கூட்டு முயற்சியொன்று நடைபெற்றது.

இவ்வறிவைப் பரவலாக்கியவரின் சொந்த வாழ்வும் விலக்கலின் வரலாறே. பாலினமாற்றத்தை மேற்கொள்ள முற்பட்டமைக்காக 1968இல் ஐ.பி.எம். கம்பனி கொன்வேயைப் பதவிநீக்கியது. தம் கடந்தகாலத்தை மறைத்து, புதிய பெயருடன் அடிநிலையிலிருந்து தொழில்வாழ்வை மீளத் தொடங்கியவர் அவர். அக்கம்பனி 2020இல் அவரிடம் மன்னிப்புக் கோரிற்று. 2024இல் அவர் காலமானார். யாவரும் வாசிக்கத்தக்க குறியீடு ஒன்று வேண்டும் என்று உழைத்தவர், தாம் யாரென வெளிப்படையாகச் சொல்ல நெடுங்காலம் இயலாதிருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

5

நிறமொழி எல்லோருக்கும் பொதுவானது என்று முடிவுகட்டுதல் பொருந்துமா? இரு காரணங்களால் அது பொருந்தாது.

முதலாவது, உடல்சார்ந்தது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரும் பெண்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரும் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிவதில் இடர்ப்படுவோர். இக்குறியீட்டிலோ திரான்சிற்றர் எனும் மையப்பொருள் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்திலேயே தோன்றுகிறது. எவ்விரு நிறங்களைப் பிரித்தறிதல் பலருக்குக் கடினமோ அவ்விரு நிறங்களின்மீதே முழு இலக்கணமும் நிறுத்தப்பட்டுள்ளது. குறியீட்டை ஆக்குவோர் தம் கண்ணையே பொதுக்கண்ணாகக் கொள்வதன் விளைவு இது.

இரண்டாவது, பொருளாதாரஞ் சார்ந்தது. நிறத்திரையும் நிற அச்சும் செலவுமிக்கவை. சீரொக்ஸ் ஆய்வுநிலையத்திலேயே 1970களிற் பயன்பட்ட "அல்ரோ" கணனியின் திரை கறுப்பு வெள்ளையானது. அதில் இயங்கிய "இக்காறஸ்" எனும் தளக்கோல மென்பொருள், நிறத்துக்குப் பதிலாகப் புள்ளிக் கோலங்களால் படைகளை வேறுபடுத்திக் காட்டியது. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பக்நெல், எஷ்றாகியான் ஆகியோரது பாடநூல், நிறக்குறியீட்டோடு ஒருநிறக் குறியீட்டையும் சேர்த்தே அளித்தது. சாய்கோடு, புள்ளி, தடித்த கோடு, இடைவிட்ட கோடு என்பன நிறங்களின் இடத்தைப் பெற்றன. அந்நூல் மலிவுப் பதிப்பாக இந்தியாவிலும் வெளியாகி, அங்குள்ள பொறியியற் கல்லூரிகளிற் பரவலாகப் பயின்றுவந்துள்ளது. ஒளிப்படப் பிரதியில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். சாய்கோடும் புள்ளியும் அவ்வாறு ஆவதில்லை. கறுப்பு வெள்ளைப் பிரதிகளிற் படித்த மாணவர்க்கு இந்த இரண்டாவது குறியீடே முதற்குறியீடாயிற்று எனல் மிகையாகாது.

நிறமொழிக்குக் கிளைமொழிகளும் உண்டு. இருவகைத் திரான்சிற்றர்களையும் இணைத்துப் பயன்படுத்தும் "சீமொஸ்" முறை 1980களில் மேலோங்கியபோது பரவற் படைகள் இரண்டாயின. பச்சை ஒன்றுக்கு நிலைத்தது, மற்றதற்கு எந்நிறம்? மேற்சொன்ன பாடநூல் மஞ்சளை வழங்கிற்று. முன்னர் அயன் பதிப்பைக் குறித்த மஞ்சள் இங்ஙனம் பொருள்மாற்றம் அடைந்தது. பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஊஸ்ரகவுற்றும் அவர்தம் மாணவரும் 1980களின் முற்பகுதியில் ஆக்கிய "மஜிக்" எனும் மென்பொருளோ கபில நிறத்தை வழங்கிற்று. மொழிவரலாறு கற்போர்க்குப் பழக்கமான நிகழ்ச்சியே இது: சொல் நிலைத்திருக்கப் பொருள் பெயர்கிறது, பொருள் ஒன்றாயிருக்கச் சொற்கள் பலவாகின்றன.

மஜிக் மென்பொருள் வேறொரு வகையிலும் கவனத்துக்குரியது. வரைபவர் விதியை மீறி இரு உருவங்களை மிக நெருக்கமாக வைத்தால் அவ்விடத்தில் உடனடியாக வெண்புள்ளிகள் தோன்றும், திருத்தியதும் மறையும். ஒருகாலத்தில் ஒளிமேசையில் குனிந்திருந்தோரின் கண் செய்த பணி, திரையில் ஒரு குறியாக மாறிற்று. உழைப்பு மறைந்துவிடவில்லை, மென்பொருளினுட் புகுந்துகொண்டது.

6

இம்மென்பொருள்கள் யாவும் இறுதியில் வரைபடத்தைக் கோப்பாக்கித் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். கல்மா கம்பனி 1978இல் வெளியிட்ட "ஜீ.டி.எஸ். 2" எனும் முறையோடு வந்த கோப்பு வடிவம் இன்றும் வழக்கிலுள்ளது. அதன் உள்ளே நிறம் என்பதே இல்லை. ஒவ்வொரு உருவமும் படையின் இலக்கம் ஒன்றையும் வகையின் இலக்கம் ஒன்றையும் மட்டுமே தாங்கி நிற்கும். எந்த இலக்கத்துக்கு எந்த நிறம், எந்தப் புள்ளிக்கோலம் என்பது வேறொரு பட்டியலில் இருக்கும். மீட், கொன்வே மரபினரின் கோப்பு வடிவத்திலோ இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துக்களாலான பெயர் இருந்தது. அதனை மனிதர் வாசிக்க இயலும்.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. நிறப்பட்டியலும் விதித்தொகுதியும் இன்றிக் கிடைக்கும் கோப்பு, திறவுகோலற்ற மறைமொழியை ஒத்தது. தொழில்நுட்பம் நுண்மையடைய, ஒரு தொழிற்சாலையை நிறுவுவதற்கான மூலதனம் பன்மடங்காகப் பெருகிற்று. உற்பத்தி விரல்விட்டெண்ணத்தக்க சில கம்பனிகளிடம் குவிந்தது. அவை தம் விதித்தொகுதிகளை இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோர்க்கே வழங்கின. ஐந்து நிறங்களால் எழுதப்பட்ட பொதுமொழி வகுப்பறையில் எஞ்சிநிற்க, உண்மையான சில்லுகளின் மொழி மீண்டும் சுவர்களுக்குள் சென்றது.

அக்காலகட்டத்திலேயே நிறம் மூன்றாவது நிலையை அடைந்தது. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைக் கொண்டு அதனிலும் பன்மடங்கு சிறிய உருவங்களை அச்சிட நேர்ந்தபோது, மிக நெருங்கிய இரு உருவங்களை ஒரே மறைப்புத் தகட்டிற் பொறிக்க இயலாதாயிற்று. எனவே 2010களின் முற்பகுதியிலிருந்து ஒரே படையை இரு தகடுகளாகப் பிரித்து அச்சிடும் முறை உற்பத்தியிற் பரவியது. குறிப்பிட்ட தூரத்திலும் குறைவாக நெருங்கிய இரு உருவங்கள் வெவ்வேறு தகட்டுக்குச் செல்லவேண்டும். இப்பகுப்பினை அத்துறையினர் நிறந்தீட்டல் என்றே அழைக்கின்றனர். தேசப்படத்தின் அயல்நாடுகளுக்கு வேற்று நிறம் தீட்டும் பழைய கணிதச் சிக்கலே இது. தேசப்படத்துக்கு நான்கு நிறங்கள் போதும் என்பதை 1976இல் அப்பெல், ஹாக்கன் என்போர் கணனியின் துணையுடன் நிறுவினர். இங்கோ இரு நிறங்களே உள்ளன. மூன்று உருவங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிட்டால் இரு நிறங்கள் போதா, வரைபடமே மாறவேண்டும். இங்கு நிறம் வாசிப்போர்க்கு உதவும் அடையாளமன்று, மீறவியலாத கட்டளை. கண்ணால் எவரும் காணாத நிறம், பொருளின் இருப்பையே தீர்மானிக்கிறது.

7

அண்மைக் காலத்தில் எதிர்த்திசையிலும் சில அசைவுகள் தோன்றியுள்ளன. 2020இல் கூகிள் கம்பனியும் ஸ்கைவோட்டர் எனும் உற்பத்தி நிறுவனமும் இணைந்து 130 நனோமீற்றர் உற்பத்திமுறை ஒன்றின் விதித்தொகுதியை எவரும் பெறத்தக்கவாறு வெளியிட்டன. படைகளின் இலக்கம், பெயர், நிறம், இடைவெளி விதி யாவும் ஒப்பந்தமின்றிக் கிடைத்தன. நாற்பதாண்டுகளுக்கு முன் ஆக்கப்பட்ட மஜிக் மென்பொருள் அதற்குப் பொருத்தமான கருவியாக மீண்டும் பயன்படலாயிற்று. மாணவரும் தனியாட்களும் வரைந்த சில்லுகள் இதன்வழி உற்பத்தியாயின. எனினும் அவ்வுற்பத்தியை ஒழுங்குசெய்துவந்த எபேப்லெஸ் எனும் நிறுவனம் 2025இல் நிதியின்மையால் மூடப்பட்டது. விதி திறந்திருத்தல் மட்டும் போதாது. உற்பத்திச் சாதனம் எட்டுந்தொலைவில் இருத்தலும் வேண்டும் என்பதை இது தெளிவாக்குகிறது. 1979இல் மாணவர் வரைபடங்கள் சில்லுகளானமைக்கும் நிறமொழி மட்டுமன்றி, அவற்றை உற்பத்திசெய்து கொடுக்கும் ஏற்பாடும் காரணமாயிருந்தமை நினைவுகூரத்தக்கது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். சில்லு வரைவில் நிறம் பொருளின் இயல்பாக ஒருபோதும் இருந்ததில்லை. றூபிலித்துச் சிவப்பு உற்பத்தியின் தேவையால் வந்தது. பச்சை, சிவப்பு, நீலம் எனும் வரிசை கல்வியின் தேவையால் நிலைபெற்றது. இரு தகட்டு நிறந்தீட்டல் நுண்மையின் நெருக்கடியால் எழுந்தது. குறியீட்டை வாசிக்கத்தக்கோரின் தொகை பெருகியமையும் குறுகியமையும் உற்பத்திச் சாதனத்தின் உடைமையோடு தொடர்புபட்டே நிகழ்ந்தன. படலத்தை உரித்த கைகள், சிப்றொக் தொழிற்சாலையிற் கோலத்தைப் பொருத்திய கைகள், கறுப்பு வெள்ளைப் பிரதியில் புள்ளிகளை எண்ணிக் கற்ற கண்கள் ஆகிய இவையும் அக்குறியீட்டின் வரலாற்றுக்கு உரியனவே.

தொழில்நுட்பத்தை ஆராய்வது தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரிய பணி என்ற எண்ணம் எம்மிடையே இன்னும் நிலவுகிறது. எழுத்து, அச்சு, தேசப்படம் என்பவற்றின் வரலாற்றை ஆராய்வதற்கு நாம் கையாளும் அதே வினாக்கள் சிலிக்கன் சில்லுக்கும் பொருந்தும் என்பதை இச்சிறு முயற்சி ஓரளவேனும் காட்டியிருக்குமென நம்புகிறோம். பச்சையின்மீது சிவப்பு செல்லுமிடத்தில் திரான்சிற்றர் பிறக்கிறது என்பதை ஒருவர் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளலாம். அவ்வாறு கற்றவர் தாம் வரைந்ததை எங்கு, யாரிடம், எந்த நிபந்தனையின் பேரிற் சில்லாக்குவார் என்பதே இன்று விடைகாணப்பட வேண்டிய வினாவாகும்.